ரூட்டுக்கு ஒரே பேர்

ஆகஸ்ட் 6

இன்று நான் சொல்லாதது: கஜபதி யார் என்பது.

டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர் மூலக்கடையில் ஏறினார்கள். பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன்களை உள்ளே இழுத்து, வரிசையாக நிறுத்திப் பெயர் கேட்டார்கள்.

"பேரு இன்னாடா?"

"கஜபதி சார்."

"உன் பேரு?"

"கஜபதி."

"நீ?"

"நானும் கஜபதிதான் சார். எங்க ஏரியாவுல எல்லாருக்கும் சாமி பேரு."

கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த வண்டியில பெத்தவங்க வச்ச பேரோட ஒருத்தனும் ஏறலையா?" என்றார். வரிசையின் கடைசியில் நின்றவன் என் தம்பி எபினேசர். கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவனும் "கஜபதி" என்றான், மற்றவர்களைவிடச் சத்தமாக.

பரிசோதகர் என்னிடம் வந்தார். பெண்கள் பகுதியின் கடைசி இருக்கையில்தான் நான் எப்போதும் உட்காருவேன். "ஏம்மா, நீயும் அந்தக் காலேஜ்தானே? இதுல நிஜமான கஜபதி யாரு?"

"தெரியல சார். படிச்சிட்டிருந்தேன்" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

நிஜமான கஜபதி அவருக்கு இரண்டடி பின்னால், பாஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காக நின்றிருந்தான். அவனிடம் மட்டும் பெயர் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

வெளியில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. காரணிப்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தப் பேருந்தில் வரும் பையன்கள் எல்லோரும் சேர்ந்தது ரூட். ரூட்டுக்கு ஒரு தல உண்டு, இந்த வருடம் மூன்றாம் ஆண்டு கஜபதி. பின்வாசலின் கீழ்ப்படி அவனுக்கு. மற்றவர்கள் மேல்படியில்தான் நிற்கலாம். கண்டக்டரோ, போலீஸோ, பேராசிரியரோ யார் பெயர் கேட்டாலும் தலயின் பெயரைத்தான் சொல்லவேண்டும். எதைச் செய்தவன் யாராக இருந்தாலும் தல அதை வாங்கிக்கொள்வான். ரூட்டுக்கு ஒரே பேர். முதலாண்டு மாணவனுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அதுதான். பாடத்திட்டத்தில் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 9

தண்ணீர் லாரி வரவில்லை. நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகத்தை இன்னும் முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17

அப்பா போய் ஒரு வருடம். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். ஜெபம் முடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். இறந்த அன்று ஊரில் உறவு என்று யாரும் வந்துசேர்வதற்கு முன் ரூட் வந்துவிட்டது. ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, டீ எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கஜபதி அப்போது இரண்டாம் ஆண்டு. பெட்டியின் ஒயரை எங்கள் வீட்டுப் பிளக்கில் சொருகினால் ஃபியூஸ் போகும் என்று எதிர்வீட்டில் கேட்டு இழுத்தது அவன்தான். கல்லறைத் தோட்டம்வரை சவப்பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேரின் முகம் எனக்குத் தெரியாது. என்னை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்தப் பேருந்தில் வரும் பெண், அவ்வளவு போதும்.

நூலகத்தில் படித்த சமூகவியல் புத்தகங்கள் இதைக் கும்பல் மனநிலை என்கின்றன. அவற்றை எழுதியவர்களின் அப்பா இறந்தபோது ஐஸ் பெட்டி யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. நகரத்துப் பையன்கள் எங்கள் பையன்களிடம் "எங்கேர்ந்து வர்ற?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். பேருந்தில் யாரும் நகர்ந்து உட்காருவதில்லை. அங்கே இடமே கிடையாது.

ரூட்டில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்பார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட. கஜபதி மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேச வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்றுவிடுவான். இன்று வந்து நின்று, "அது இன்னா புக்கு, ரெண்டு வாரமா அதையே வச்சிருக்கீங்க?" என்றான். ஒரு மொழிபெயர்ப்பு நாவல், கொடுத்தேன். முதல் பக்கத்தை அங்கேயே நின்று படித்துவிட்டு, "பேரெல்லாம் இவ்ளோ நீளமா வச்சா போலீஸ்ல எப்டி எழுதுவான்?" என்றான்.

நூலகப் புத்தகம்தான். தாமதக் கட்டணம் நான் கட்டிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 3

கஜபதிக்குப் போலீஸ் தேர்வில் எல்லாக் கட்டமும் முடிந்துவிட்டது. எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுவது, எல்லாம். இனி நன்னடத்தை விசாரணை மட்டும்தான். உள்ளூர் காவல் நிலையத்தில் இவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பேருந்தில் சமோசா கொடுத்தார்கள். ஒரு பையன், "தல, நாளைக்கு நீயே எங்கள புடிச்சா பேரு இன்னா சொல்றது?" என்றான்.

"உங்கப்பன் பேரச் சொல்லு."

"அவரு பேரும் கஜபதின்னு சொல்லிடுவேன்."

ஓட்டுநர்கூடத் திரும்பிச் சிரித்தார். அம்மாவிடம் சொன்னேன். "நல்ல புள்ள. அவங்க அம்மா ஒண்டியாளா கஷ்டப்பட்டவ" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அரிசி களையச் சொன்னாள்.

செப்டம்பர் 19

பாதி வழியில் வேறொரு கல்லூரியின் நிறுத்தம் இருக்கிறது. அங்கே நிற்கும் பையன்கள் வேறு ரூட். எங்கள் வண்டி வந்ததும், "கஜா கூஜா, காலி கூஜா" என்று கைதட்டிப் பாடினார்கள். தினமும் பாடுவதுதான். "விடுங்கடா, கத்தட்டும்" என்று கஜபதி சொன்னது எனக்குக் கேட்டது. பின்வாசலிலிருந்து யாரோ கல் எறிந்தான். அங்கே நின்ற ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கிடையில் ரத்தம். எங்கள் பையன்கள் குதித்து ஓடினார்கள். நிறுத்தத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் ஆறு பேரைப் பிடித்தார்கள். எபி அதில் ஒருவன்.

யார் எறிந்தது என்று நான் பார்க்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20

அம்மா நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எபியைக் கூட்டிவந்தாள். அங்கே நடந்ததைக் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

ஆறு பேரையும் தனித்தனியாக விசாரித்திருக்கிறார்கள். உன் பேர் என்ன என்று கேட்டால் கஜபதி. கல் விட்டது யார் என்று கேட்டாலும் கஜபதி. வேறு எதுவும் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர், "ஆறு பேரும் ஒரே ஆளச் சொல்றான். அப்புறம் என்ன?" என்று எழுதச் சொல்லிவிட்டார்.

கஜபதி அங்கே இல்லை. ஓடித் தப்பிவிட்டிருந்தான். பெற்றோர்கள் எல்லாம் வெளியே நின்றபோது அவனே நடந்து வந்திருக்கிறான். "சார், நான்தான் கஜபதி."

"கல்லு விட்டது நீதானா?"

"எழுதிட்டீங்கல்ல சார்."

மற்ற ஆறு பேரையும் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். "என்னப் பாத்து, ஆன்ட்டி, தம்பிய இட்டுனு போங்க, காலையிலேர்ந்து சாப்ட்டிருக்க மாட்டான்னு சொல்றான்" என்றாள் அம்மா. "செலெக்ஷன் ஆன புள்ள. அவனுக்கு ஏன் இந்த புத்தி?"

எபி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் சட்டையைத் துவைத்தேன். சட்டைப் பையின் உள்பக்கம் தார் ஒட்டியிருந்தது. வழியில் ரோடு போடுகிறார்கள், தார் பூசிய ஜல்லி குவித்து வைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் தார் போய்விடும். போய்விட்டது.

செப்டம்பர் 24

கல்லூரி விசாரணைக் குழு. அன்று பேருந்தில் இருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் இயற்பியல் துறைப் பேராசிரியர் திருவேங்கடம். மேசையில் வேர்க்கடலை, தேநீர்.

"நீ பின்வாசல் பக்கம்தானேம்மா உட்கார்ந்திருந்த? யார் எறிஞ்சான்னு பார்த்தியா?"

"பார்க்கல சார். படிச்சிட்டிருந்தேன்."

"நல்ல பழக்கம். எல்லாரும் இப்படிப் படிச்சா எங்களுக்குக் கமிட்டியே வேணாம்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது முதலாண்டுப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

செப்டம்பர் 28

அன்று எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. படிக்கவில்லை, அதனால்தான். கஜபதியிடம் என் புத்தகம் இருந்த இத்தனை நாளும் நான் பேருந்தில் ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. வேறு எதையாவது விரித்து வைத்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால் பார்த்தேன். எபி மேல்படியில் நின்றான். சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்தான். கீழ்ப்படியில் நின்ற கஜபதி திரும்பி அவன் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினான். பிடி கிடைக்கவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் இலேசாகும் என்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 10

கஜபதிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கல்லூரியில் இடைநீக்கம். காரணிப்பேட்டை டெர்மினஸில் லோகு அண்ணனின் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். லோகநாதன் கஜபதிக்கு முந்தைய தல. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "வாங்க சிஸ்டர், ஒரு ஆளுக்குத்தான் வெய்ட்டிங்" என்றார். ஏறினேன்.

கஜபதி எடை குறைந்திருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"வெரிஃபிகேஷன் வந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? கேஸ் இருக்குன்னு எழுதுவாங்க."

"நீங்க எறியல."

அவன் லோகு அண்ணனைப் பார்த்தான். லோகு அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் இயர்ல நான் ஒரு பஸ் கண்ணாடிய ஒடச்சேன்" என்றான் கஜபதி. "டிரைவருக்கு நெத்தியில ஒம்போது தையல். புடிச்சி கேட்டாங்க. லோகநாதன்னு சொன்னேன். சொல்லணும்னுதானே சொல்லிக் குடுத்தாங்க. அண்ணன் வந்து நின்னாரு. அப்ப அண்ணனுக்கு ரயில்வேல வேலை கெடச்சிருந்தது."

"அத்த ஏன் இப்ப?" என்றார் லோகு அண்ணன்.

"அண்ணன் அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா நான் இங்க இல்ல. அதுக்கப்புறம்தான் கீழ்ப்படியில என்னை நிக்க வச்சாங்க. யாருக்கு வாங்குனாங்களோ அவன்தான் அடுத்த தல. அப்டித்தான் எப்பவும்."

"லோகு அண்ணனுக்கு முன்னாடி?"

"எனக்கும் ஒருத்தன் வாங்குனான் சிஸ்டர்" என்று லோகு அண்ணன் சிரித்தார். "அவன் இப்ப கட்சியில இருக்கான். கூட்டத்துக்கு ஆள் கேட்டா நம்மகிட்டதான் வருவான்."

எங்கள் தெருமுனையில் இறங்கினேன். கஜபதி, "புக்கு இன்னும் முடிக்கல" என்றான். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர் 15

அடிபட்ட பையனின் பெயர் சுதர்சன். அவனும் முதலாண்டு. இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எபி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கையால் வாளியிலிருந்த குவளையை எடுக்க முயன்றான். முதல் தடவை கை குவளைக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. நான் பார்ப்பதைக் கண்டதும் கண்ணில் சோப்பு பட்டதுபோலத் தேய்த்தான்.

அக்டோபர் 16

கேஸ் சிலிண்டர் வந்தது. எபி காலையிலும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 27

இன்று பேருந்தில் கீழ்ப்படி காலி. கஜபதி வருவதில்லை. ஆனாலும் யாரும் அங்கே நிற்கவில்லை. எபி அதற்கு அடுத்த படியில் நின்றான். அவன் பையை வேறொரு முதலாண்டுப் பையன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் ஆண்டுப் பையன்கள் எபியிடம், "இன்னா தம்பி, இன்னிக்கி பாட்டு பாடலாமா?" என்று கேட்டார்கள். அவன் தலையசைத்த பிறகுதான் பாடினார்கள்.

சாப்பிடாதவன், ஒற்றைக் கண்ணால் குவளை எடுத்துப் பார்க்கிறவன், அங்கே நன்றாக நிமிர்ந்து நின்றான். உயரம்கூடக் கூடியதுபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் 2

மழை. கல்லூரி விடுமுறை. அம்மா மழையிலும் வேலைக்குப் போனாள். மொட்டைமாடியில் நீர் போகும் குழாயை அடைத்துக்கொண்ட இலைகளை நானும் எபியும் எடுத்தோம். அங்கே சொன்னேன்.

"நான் பார்த்தேன் எபி."

அவன் நிமிரவில்லை. கையிலிருந்த இலைகளை வீசிவிட்டு, "யாருகிட்ட சொன்ன?" என்றான்.

"இன்னும் யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாத. கஜாண்ணன் சொல்லக்கூடாதுன்னாரு. நானே போறேன்னு அன்னிக்கே சொன்னேன். நீ போனா நான் வந்ததுக்கு அசிங்கம்டான்னாரு."

"அவருக்கு வேலை போயிடும்."

"அதுக்குத்தானே நான் இருக்கேன். அடுத்த வருஷம் கீழ்ப்படி என்னுது. எவன் இன்னா பண்ணாலும் நான் வாங்கிக்குவேன். சரியாப் போயிடும்."

"சுதர்சனுக்கு எப்படிச் சரியாப் போகும்?"

அவன் அந்தப் பெயரைக் கேட்டதும் குழாயை விட்டுவிட்டு எழுந்தான். "உனக்கு இன்னா, அவனுக்காகவா பேசுற? நீ கஜாண்ணனுக்காகப் பேசுற. ரூட்டுல எல்லாருக்கும் தெரியும், நீ புக்க எதுக்குத் தொறந்து வச்சினு ஒக்காருவன்னு."

இறங்கிப் போய்விட்டான். மீதி இலைகளை நானே எடுத்தேன்.

நவம்பர் 5

அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும் எடுத்தாள்.

"தெரியும்" என்றாள். "ஸ்டேஷன்லயே தெரியும். பெத்தவளுக்கு முகத்தப் பாத்தா தெரியாதா?"

"தெரிஞ்சுமா எபியக் கூட்டிட்டு வரக் கையெழுத்துப் போட்ட?"

"போடாம? அந்தப் புள்ள தானா வந்து நின்னான். நான் கூப்ட்டனா?" பிறகு மெதுவாக, "வாய மூடிக்கடி ஜெனிட்டா. உங்கப்பா செத்தப்ப தூக்குனவங்க அவங்க. அவங்களே வேணாங்கும்போது உனக்கு இன்னா?"

"நாளைக்கு எபி இன்னொருத்தனுக்கு வாங்குவான்மா. அடுத்தது இவன்தான்."

அம்மா நூலைக் கடித்தாள். "அவனுக்காகவா பண்ற?"

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 8

மறுபடி பேராசிரியர் திருவேங்கடத்தின் அறை. நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்குப் பார்க்கலன்னு சொன்ன."

"பொய் சொன்னேன் சார்."

"ஏம்மா, ஒருத்தன் ஒத்துக்கிட்டான். போலீஸ்ல கேஸ் ஆச்சு. நாங்க மேலே அறிக்கை அனுப்பியாச்சு. இப்ப வந்து அவன் இல்ல, என் தம்பிங்கற. அவன் ரௌடின்னு எல்லாருக்கும் தெரியும். உன் தம்பி சின்னப் பையன். விட்டுடேன்."

"கஜபதி எறியல சார்."

"எறிஞ்சிருக்கக்கூடிய ஆள்தானே?" என்றார். கோபமாக அல்ல, எனக்கு உதவி செய்கிற குரலில்.

பெயர் கொடுக்கும் பழக்கம் பையன்களுடையது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கொடுத்த பெயரை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் கல்லூரிக்கும் இருக்கிறது. அது இல்லாமல் இது நடக்காது.

எழுதிக் கொடுத்தேன். வாங்கி, கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்தார். அதன் நகலை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11

ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அம்மா, நான், எபி மூவரும் போனோம். லோகு அண்ணனின் வண்டி வரிசையில் முதலில் நின்றது. அம்மா அடுத்த வண்டியில் ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் நான் எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். எபியைப் பார்த்தார். அவனை முன்பே பார்த்த நினைவு இல்லை அவருக்கு.

"பேரு என்ன?"

எபி வாயைத் திறந்தான். "க" என்று வந்துவிட்டது. நிறுத்தினான். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. பேசவில்லை. அம்மா அவன் முதுகில் கை வைத்தாள். தள்ளவும் இல்லை, பிடித்து நிறுத்தவும் இல்லை. வெறுமனே வைத்திருந்தாள்.

"எபினேசர்" என்றான்.

"அப்பா பேரு?"

"ஞானசிகாமணி. லேட்."

"கல்லு?"

"நான்தான் சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப அந்தக் கிறுக்கன் எதுக்குடா வந்து நின்னான்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எபி அழ ஆரம்பித்தான். அப்பா இறந்த அன்றுகூட அவன் இப்படி அழுததில்லை. அம்மா முந்தானையைக் கொடுத்தாள், சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.

அவனை அனுப்பவில்லை. நானும் அம்மாவும் திரும்பி வந்தோம். அம்மா சமைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 12

பேருந்தில் யாரும் சிஸ்டர் என்று சொல்லவில்லை. என் இருக்கைக்குப் பின்னால் இரண்டு அடி இடம் காலியாக இருந்தது. அவ்வளவு நெரிசலில்.

நவம்பர் 24

நிறுத்தத்தில் கஜபதி எதிரில் வந்து நின்றான்.

"யாரு உங்கள சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"எனக்காகன்னு பேசிக்கிறாங்க."

"எபிக்காக."

"எபி உள்ள இருக்கான்" என்றான்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. இரண்டு வாரமாக யோசித்து வைத்த பதில். எதிரில் நின்றவனைப் பார்த்தபோது அது புத்தகத்தில் படித்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை.

"லோகு அண்ணன் மூஞ்ச நான் எப்டிப் பாக்குறது? அவருக்கு நான் இன்னா சொல்லுவேன்? எனக்கு மட்டும் ஒரு பொண்ணு வந்து சொல்லிச்சு, நான் வெளிய வந்துட்டேன்னா?"

நாவலைத் திருப்பிக் கொடுத்தான். நடுவில் கடலை மடித்த காகிதத்தை அடையாளத்துக்கு வைத்திருந்தான். பாதிதான் படித்திருக்கிறான். அந்தக் காகிதத்தை நான் எடுக்கவில்லை. நூலகத்தில் தாமதக் கட்டணத்தோடு புத்தகத்தைத் திருப்பியபோது நூலகர் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

டிசம்பர் 14

எபிக்கு ஜாமீன். வீட்டுக்கு வந்ததும் குளித்தான். நான் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டான். என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் 20

கல்லூரியில் எபிக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். குற்றப்பத்திரிகையில் கஜபதியின் பெயர் இல்லை என்று வக்கீல் சொன்னார். ரூட்டில் எபியைப் பற்றி, பேரக் கொடுத்தவன் என்கிறார்களாம். தன் பெயரைத்தான் கொடுத்தான் என்பது கணக்கில் வரவில்லை. தல பெயரைத் தவிர எந்தப் பெயரும் துரோகம்தான்.

ஜனவரி 23

எபி செங்குன்றம் பக்கம் ஒரு குடோனில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை. எபினேசர் ஞா. என்று அச்சடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மறந்துவிடுகிறான். இன்று, "குழம்புல உப்பு இல்ல" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

மார்ச் 5

கஜபதி பயிற்சிக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். லோகு அண்ணன்தான் ரயில் ஏற்றிவிட்டாராம்.

அடுத்த ஆண்டு ஜூன் 18

நான் அதே கல்லூரியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. இந்த நோட்டை நீண்ட நாளாகத் தொடவில்லை. இன்று நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

கல்லூரி திறக்கும் நாள் என்பதால் நிறுத்தங்களில் எல்லாம் போலீஸ். காரணிப்பேட்டை டெர்மினஸில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் கஜபதி. காக்கியில் தோள் அகலமாகத் தெரிந்தது. படியில் தொங்கிய பையன்களை இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார். எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் பேருந்துக்குப் போக அந்த வரிசையைத் தாண்டவேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரிந்தது. அந்தக் காலத்தைப் போலவே எதிரில் வந்து நின்றார். பிறகு கையால் வழி காட்டி, "முன்னாடி ஏறுங்க சிஸ்டர்" என்றார்.

ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"பேரு இன்னாடா?"

"தயாளன் சார்."

"உன் பேரு?"

"தயாளன்."

மூன்றாவது பையன் மிகவும் சின்னவன், புதுப் பை மாட்டியிருந்தான். அவன் மற்றவர்களைவிடச் சத்தமாக, "தயாளன் சார்" என்றான்.

தயாளன் இந்த வருடத் தல. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக நின்றிருந்தான். கஜபதி அவனைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, தயாளன் என்று எழுதிக்கொண்டார்.